பெயரில்லாத ஃபைலில் விழுந்த ஏழு வரிகள்

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் கம்ப்யூட்டரைப் பற்றி எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். குன்னூர் தலைமை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் போன் செய்து, "அக்கா, நீங்க அந்த ரூம்ல என்ன பண்ணுனீங்கன்னு எழுதிக் குடுங்க, மேனுவல்ல ஒண்ணும் புரியல" என்று மூன்று முறை கேட்டார்கள். வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம் என்பதால் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், எந்த நாளைப் பற்றி எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்தது.

எங்கள் எஸ்டேட் நெல்லியாளம் பக்கம். என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு அம்மாவும் அப்பாவும் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். நான் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலேயே வளர்ந்து, எஸ்டேட் ஆபீசில் செக்ரோல் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதும் பெரிய பதிவேடு அது. பதினாறு வருஷம் அதையே எழுதினேன். மாதம் முடிந்ததும் பழைய பதிவேட்டைக் கயிறு போட்டுக் கட்டி ஸ்டோர் ரூமில் வைப்போம். புதியதை எடுத்து, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, அதே பெயரை எழுதி, மேசையில் பழையது இருந்த இடத்தில் வைப்போம். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

யானைகளால் சாவு அடிக்கடி நடக்கத் தொடங்கியபோது எஸ்டேட்டில் விளக்கு வைத்தார்கள். காட்டை ஒட்டி ஐந்து பரண்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காவல்காரரும் ஒரு பெட்டியும். பெட்டியில் இரண்டு பொத்தான். யானை தூரத்தில் என்றால் மஞ்சள், லயத்துப் பக்கம் என்றால் சிவப்பு. அழுத்தினால் ரேடியோவில் செய்தி ஆபீசுக்கு வரும், வந்து சேர்ந்ததும் பெட்டியில் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம் சிமிட்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு புரோகிராம். முதலாவது, வந்த செய்தியை ஒரு ஃபைலில் வரியாக எழுதும். இரண்டாவது, அரை நிமிஷத்துக்கு ஒரு முறை அந்த ஃபைலைப் படித்து, புது வரி இருந்தால் லயங்களில் கம்பத்து விளக்கைச் சிவப்பாக எரியவிடும். விளக்கு எரிந்தால் யாரும் படி இறங்க மாட்டார்கள். எரியவில்லை என்றால் வழி நல்லது என்று இறங்கிவிடுவார்கள். ஒரு வருஷத்துக்குள் கூடையை எடுக்கும் முன் கம்பத்தைப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டர் அறைக்கு ஆள் வேண்டும் என்றபோது என்னைப் போட்டார்கள். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் சிரித்தார். "செல்விகிட்ட ஒரு வார்த்தை வாங்கறதுக்கு யானைகிட்டயே போய்க் கேட்டுக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் நஸீமா மேடம். ஊட்டி பஜாரில் அவர்களுக்குக் கடை, படித்தது கோயம்புத்தூரில். என்னைவிடப் பத்து வயது சின்னவர். குன்னூரிலிருந்து எட்டு நாள் வந்து தங்கிச் சொல்லிக் கொடுத்தார். அந்த எட்டு நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எழுதி வைத்துக்கொண்டு, எழுதியதைத் திரும்பச் செய்தேன். மேடத்தின் முறையைச் சொல்ல வேண்டும். கீபோர்டை அவர் தொடவே மாட்டார். கறுப்புத் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்பார். தேநீர் ஆறிப் போகும், குடிக்க மாட்டார். நான் தப்பாகத் தட்டினால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தத் தப்பு என்ன காட்டுகிறது என்று நானே படிக்கும்வரை காத்திருப்பார். ஒரே ஒரு சொல் அவருக்கு ஆகாது.

"லைன் ப்ராப்ளமா இருக்கும் மேடம்" என்று ஒரு முறை சொன்னேன்.

"'இருக்கும்'னா? பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"பாக்காததை ஏனுங்க சொல்றீங்க? எனக்கு நீங்க நினைக்கிறது வேண்டாம், அது என்ன கேட்டுச்சு, என்ன கிடைச்சுது, அதைச் சொல்லுங்க."

ஸ்ட்ரேஸ் என்ற கருவியை அவர்தான் காட்டினார். புதிதாக வந்தவர்களுக்காக எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஒரு புரோகிராம் தானாகப் போய் ஃபைலைத் தொட முடியாது. ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்க வேண்டும்: இதைத் திற, இதைப் படி, இதை எழுது. திறந்ததும் சிஸ்டம் ஒரு டோக்கன் எண் கொடுக்கும். அப்புறம் ஃபைலின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை, டோக்கன் எண்ணைச் சொல்லித்தான் கேட்கும். ஸ்ட்ரேஸ், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் ஒரு வரியாக எழுதிக் காட்டும். மூன்றாம் டோக்கனில் இந்த முப்பத்திரண்டு எழுத்தை எழுது என்று கேட்டது, முப்பத்திரண்டும் எழுதியாயிற்று என்று பதில் வந்தது. அவ்வளவுதான். அது யாருக்காகவும் பேசாது. எனக்கு அந்தக் கருவியைப் பிடித்துப் போனது.

ஒரு சமயம் நாளாக நாளாக விளக்கு எரியத் தாமதமாகியது. கம்ப்யூட்டர் பழசு என்று எல்லோரும் சொன்னார்கள். மேடம் போனில், "ஸ்ட்ரேஸை ஒட்டிப் பாருங்க" என்றார். பார்த்தேன். இரண்டாவது புரோகிராம் ஒவ்வொரு முறையும் ஃபைலை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. ஃபைல் வளர வளர நேரம் ஆயிற்று. சொன்னேன். "சரியாப் பாத்திருக்கீங்க செல்வி" என்றார். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதற்குப் பிறகு, மாதக் கடைசியில் மேடமே குன்னூரிலிருந்து இணைப்பில் வந்து ஃபைலைக் காலி செய்துவிடுவார். என்ன செய்கிறார் என்று நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. மாதக் கடைசி நாளில் ரோட்டோரம் மரம் விழுந்து கேபிள் அறுந்தது. குன்னூருக்கு இணைப்பு இல்லை. ஃபைல் பெரிதாகியிருந்தது, விளக்கு மறுபடி தாமதமாகும் என்று பயந்தேன். பங்களா கேட் வரை நடந்தால் மொபைலில் சிக்னல் கிடைக்கும். மழையில் போகச் சோம்பல். இந்தச் சின்ன வேலைக்கு மேடத்தைத் தொந்தரவு செய்வானேன் என்றும் ஒரு கூச்சம்.

மதியம் மூன்றே முக்காலுக்கு நானே செய்தேன். பழைய ஃபைலைப் பென் டிரைவில் எடுத்து வைத்தேன். கம்ப்யூட்டரிலிருந்து அதை அழித்தேன். அதே பெயரில் புதிதாக ஒரு காலி ஃபைலைத் திறந்து, அதே இடத்தில் வைத்தேன். செக்ரோலில் பதினாறு வருஷம் செய்தது இதைத்தான். திரையில் பிழை எதுவும் வரவில்லை. அன்று மாலை யானையும் வரவில்லை. புது ஃபைல் காலியாக இருந்ததைப் பார்த்து, நல்ல மாதம் ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சற்று முன் நான் ஆபீசுக்கு வரும்போதே வாசலில் கூட்டம். பாக்கியம் இறந்துவிட்டாள் என்றார்கள். இரண்டாம் லயத்தில் கடைசி வீடு. பிரட்டுக்குப் போக, அதாவது காலையில் பேர் கொடுக்கும் இடத்துக்குப் போக, ஆறரைக்கு இறங்கியிருக்கிறாள். தேயிலைக்கு நடுவே இருக்கும் குறுக்குப் பாதை. பனியில் யானை நின்றது தெரியவில்லை. கம்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள் என்று அவள் கணவர் ராசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "வெளக்கு எரியலீங்க. நானும் பாத்தேன். எரியலீங்க."

அந்தப் பக்கம் நாலாம் பரண். அதில் காவல் சுப்பையா அண்ணன். ஆபீஸ் சுவரோரமாகக் குந்தியிருந்தார். லயத்துப் பெண்கள் அவரைச் சுற்றி நின்றார்கள்.

"பரண்ல ஏறிப் படுத்துக்கிட்டியா?"

"அழுத்துனேன் ஆத்தா. செவப்பு. எத்தன தடவ அழுத்துனேன் தெரியுமா."

"அழுத்துனா எரியாதா? நேத்து முந்தாநாள் எல்லாம் எரிஞ்சது, இன்னைக்கு மட்டும் உனக்குக் கோவிச்சுக்கிச்சா?"

"வாய மோந்து பாருங்கடி" என்று ஒருத்தி சொன்னாள். சுப்பையா அண்ணன் குடியை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர் எழுந்து அவள் முகத்துக்கு நேரே ஊதினார். யாரும் சிரிக்கவில்லை.

துரை என்று நாங்கள் சொல்வது எஸ்டேட் மேனேஜரை. அவர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, "ரெக்கார்டைப் பாரு செல்வி. நாலாம் நம்பர்ல காலையில ஏதாவது வந்திருக்கா?" என்றார். கதவு திறந்திருந்தது. ஃபைலைத் திறந்தேன். காலி.

"ஒண்ணும் வரலீங்க சார்" என்றேன்.

நான் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. ஆனால் அந்த ஒரு தடவை வெளியே எல்லோருக்கும் கேட்டது. துரை வெளியே போய், சுப்பையா அண்ணனுக்கு இன்றோடு வேலை இல்லை, லயத்து வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும், மற்றதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றார். சுப்பையா அண்ணன் துரையைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நல்லாப் பாரும்மா" என்றார்.

பங்களா கேட்டுக்கு ஓடிப் போய் மேடத்தைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"நேத்து ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"இல்லீங்க மேடம்."

பொய் சொல்லவில்லை. நான் மாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. புது மாதத்துக்குப் புது ஏடு வைத்தேன், அவ்வளவுதான்.

"நான் கிளம்பறேன். வர்ற வரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க. முக்கியமா அணைக்காதீங்க. லயத்துக்கெல்லாம் ஆள் அனுப்பி நேர்ல சொல்லச் சொல்லுங்க."

எட்டு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டார்கள். யானைகள் இன்னும் அந்தப் பக்கமே இருந்தன. துரை இரண்டு முறை உள்ளே வந்தார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, எல்லாம் சரியாகும். வெளக்கு எனக்கு இப்ப வேணும்." அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றுகொண்டேன். "மேடம் அணைக்கக் கூடாதுன்னாங்க சார்." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, லயத்துக்கு ஆள் அனுப்பப் போனார். பதினொன்றரைக்கு ஜெனரேட்டரும் நின்றது. கரண்ட் இல்லாதபோது கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரி அடிக்கொரு தரம் கூவத் தொடங்கியது.

மேடம் வந்தபோது பன்னிரண்டு. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. வழக்கம்போல என் பின்னால் நின்றார். "ஒட்டுங்க" என்றார்.

முதல் புரோகிராமின் எண்ணைத் தேடி, ஸ்ட்ரேஸை ஒட்டினேன். அமைதியாக இருந்தது, காத்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் ஃபேக்டரி பக்கத்தில் இருக்கும் முதல் பரணுக்குப் போய் மஞ்சளை அழுத்தினார். திரையில் உடனே இரண்டு வரி விழுந்தது. ரேடியோவிலிருந்து படித்தது: முப்பத்திரண்டு எழுத்து. மூன்றாம் டோக்கனில் எழுதியது: முப்பத்திரண்டு எழுத்து. பதில்: முப்பத்திரண்டு.

"என்ன பாத்தீங்க?"

"வந்துது மேடம். எழுதிடுச்சு."

"ஃபைலைப் பாருங்க."

பார்த்தேன். காலி.

எழுதியாயிற்று என்று சிஸ்டமே சொல்கிறது. ஃபைலில் ஒன்றும் இல்லை. மேடம் முதல் முறையாகக் குனிந்தார். "அப்ப அந்த மூணாம் டோக்கன் எது?"

ஓடும் புரோகிராம் ஒவ்வொன்றும் எந்த டோக்கனில் எதைத் திறந்து வைத்திருக்கிறது என்று பார்க்க ஓர் இடம் உண்டு. பட்டியல் போட்டேன். மூன்றுக்கு நேரே எங்கள் ஃபைலின் பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில், அது அழிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்.

அந்தச் சொல்லைப் படித்தபோதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. நான் அழித்தது பெயரை மட்டும். முதல் புரோகிராம் பழைய ஃபைலைக் கையை விட்டு விடவே இல்லை. பெயர் போன அந்த ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருந்தது. இரண்டாவது புரோகிராம் பெயரைத் தேடிப் போய், நான் வைத்த காலி ஏட்டைப் படித்துக்கொண்டிருந்தது. ஒன்று எழுதியதை மற்றது பார்க்க வழியே இல்லை. முதலாவதை நிறுத்தினாலோ மெஷினை அணைத்தாலோ, அந்தப் பழைய ஃபைலும் அதோடு போய்விடும்.

பேட்டரி கூவுவது நெருக்கமாகிவிட்டது. என் விரல்கள் நின்றுவிட்டன.

"செல்வி, அப்புறம். இப்ப காப்பி எடுங்க. அந்த டோக்கன் வழியா."

எடுத்தேன். இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். அவர் கீபோர்டைத் தொடவில்லை. மூன்றாவது முறை நகல் வந்தது. பென் டிரைவில் போட்டுக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பின்தான் மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கடைசியில் இருந்தது கண்டக்டர் அழுத்திய மஞ்சள். அதற்கு மேலே அன்று காலை வந்த ஏழு வரிகள். எல்லாம் நாலாம் பரண், எல்லாம் சிவப்பு. முதல் வரி ஆறு பன்னிரண்டு. ஏழாவது ஆறு இருபத்தொன்று. பாக்கியம் படி இறங்கியது ஆறரைக்கு.

துரையைக் கூப்பிட்டுக் காட்டினார் மேடம். அவர் இரண்டு முறை படித்தார். "அப்ப அவன் அழுத்தியிருக்கான். மெஷின் கோளாறு." வெளியே போய் அதையே சொன்னார். வேலையும் வீடும் போகவில்லை என்று சொன்னார். காலையில் கத்திய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கலைந்து போனார்கள்.

மேடம் புது ஃபைலின் விவரத்தைத் திறக்கச் சொன்னார். பிறந்த நேரம்: நேற்று மூன்று நாற்பத்தாறு.

"அந்த நேரத்துல இந்த ரூம்ல யாரு இருந்தீங்க?"

"நான் மட்டும்தான் மேடம்."

"என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். செக்ரோல், கயிறு, மஞ்சள் எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. மேடம் கேட்டு முடித்துவிட்டு, "காலி பண்ணணும், அழிக்கக் கூடாது. அதை நான் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கணும். நானே பண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "செஞ்சதுக்கப்புறம் ஒரு பொத்தானை அழுத்திப் பாத்திருந்தா போதும்" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். பிறகு ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். "பாத்ததை நான் எழுதறேன். செஞ்சதை நீங்க எழுதுங்க."

எழுதினேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. மேடம் இரண்டு தாளையும் துரையிடம் கொடுத்தார். என்னுடையதைப் படித்துவிட்டு அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது குன்னூருக்குப் போகட்டும். லயத்துல இதைப் பத்திப் பேச்சு வேண்டாம். புரியுதா செல்வி? கும்பலாக் கிளம்பி வந்துடுவாங்க. உனக்கும் நல்லதில்ல."

கரண்ட் வந்ததும் புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டோம். ஐந்து பரணிலும் அழுத்தச் சொன்னோம். ஐந்து தடவையும் விளக்கு எரிந்தது.

நான் வீட்டுக்குப் போகும் வழியில் சுப்பையா அண்ணன் பைப்படியில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லாமல் போக முடியவில்லை. நான்தான் அழித்தேன் என்று சொன்னேன். துரை சொன்னதையும் மீறி, லயத்து ஆட்களில் நான் முதலில் சொன்னது அவரிடம்தான். அவர் துண்டால் நெடுநேரம் முகத்தைத் துடைத்தார்.

"காலைல நீ ஒண்ணும் வரலேன்னு சொன்ன பாரு, தங்கச்சி. அப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நெசமாவே அழுத்துனேனா, இல்ல அழுத்துன மாதிரி நெனச்சேனான்னு. மத்தியானம் வரைக்கும் அந்தச் சந்தேகத்தோடதான் ஒக்காந்திருந்தேன்."

"மன்னிச்சுக்கண்ணே."

"பச்ச லைட்டு சிமிட்டுச்சு. அதான் நான் எறங்கி ஓடல. சிமிட்டலேன்னா ஓடியிருப்பேன்" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகும் நாங்கள் பல வருஷம் ஒரே எஸ்டேட்டில் இருந்தோம். தங்கச்சி என்று கூப்பிடுவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் பெட்டியை நம்புவதை நிறுத்திவிட்டார். பொத்தானை அழுத்திவிட்டு, கீழே இறங்கி லயம் வரை ஓடி வந்து சொல்லிவிட்டுப் போவார்.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இங்கே முடிகிறது. காலி செய்யுங்கள், அழிக்காதீர்கள். எதைத் தொட்டாலும் முடித்ததும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். எழுதியாயிற்று என்று பதில் வந்தால், எங்கே எழுதியாயிற்று என்று கேளுங்கள். இனி எழுதுவது மேனுவலில் சேராது.

பந்தலூர் ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாள் பகல் பதினொரு மணிக்குப் பாக்கியத்தின் உடலைக் கொண்டு வந்தார்கள். மழை விட்டிருந்தது. நானும் அடக்கத்துக்குப் போனேன். ராசு என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே, சுப்பையா மேல பழி விழாமப் பண்ணீங்களாமே" என்று கும்பிட்டார். நான் அவரைத் தள்ளிக் கூட்டிப் போய், சாவுக்கு முந்தின நாள் மதியம் செய்ததைச் சொன்னேன். அவர் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். மூன்றே முக்காலுக்கு என்றேன். அப்போது மண் போடக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.